இருபத்தெட்டாயிரம் மைல்

எங்கள் கந்தோரில் மை என்றால் பழையது, பென்சில் என்றால் திருத்தம். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், கனகசபாபதியாருக்கு நடந்ததும் அதில் என் பங்கும் விளங்கிவிடும். பங்கு என்று நான்தான் சொல்கிறேன். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மனுசன் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் நானும் எப்போதோ மறந்திருப்பேன்.

கந்தோர் கொட்டாஞ்சேனைப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட. நாடு முழுவதும் எரிபொருள் விற்கும் செட்டுகளுக்குப் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் அனுப்பும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். நான் அங்கே தட்டெழுத்தாளர். என் வீடும் கொட்டாஞ்சேனைதான் என்பதால் நடந்தே போய் நடந்தே வருவேன். வரும் வழியில் சந்திக் கடையில் பாண், தேங்காய், மண்ணெண்ணெய் ஒரு போத்தல். இருபது வருஷமாக இதே நடை, இதே போத்தல்.

கனகசபாபதியார் விலைப் பகுதியில் கிளாக்கர். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், கடல் பக்கமாக, ஒரு அனெக்ஸில் தனியாக இருந்தார். மனைவி நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை மூடியபோது அவர் இங்கே மாட்டிக்கொண்டார், அவர் மனைவி அங்கே மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை.

வெள்ளவத்தையில் அவருக்குப் 'பெற்றோல்காரர்' என்று பெயர். விலை கூடும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரர் முதல் த்ரீவீல்காரன் வரை அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். விலையை இவர்தான் கூட்டுகிறார் என்று நினைப்பு. அவர் பொறுமையாக நின்று விளக்குவார். கப்பல் வந்து நிற்பது கொழும்பில். அதனால் கொழும்பு விலையை மேலே உள்ள பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். கொழும்பின் தூரம் பூச்சியம். அங்கிருந்து எண்ணெய் ஏற்றிய பௌசர் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் லீற்றருக்கு அரைச் சதம். ஊருக்கு ஊர் விலை மாறுவது அந்த அரைச் சதத்தால்தான்.

"அப்ப காலிக்கும் கண்டிக்கும் ஒரே எழுபத்திரண்டு மைல்தானே, கண்டியில ஏன் கூட?" என்று ஒருமுறை நான் மடக்கப் பார்த்தேன்.

"கடுகண்ணாவை மலையில பௌசர் ஏற வேணுமெல்லோ பிள்ளை. ஏத்தத்துக்குத் தனிக் கூலி," என்றார்.

பாலம் எங்காவது உடைந்தால் பௌசர் சுற்றிப் போகும். உடனே அவருடைய அட்டவணையில் ஏழு மைலோ பதினொரு மைலோ ஏறும். பேப்பரில் வராத செய்தியெல்லாம் அவர் மேசையில் மைலாக வந்து சேரும். அரசாங்கம் கிலோமீற்றருக்கு மாறி எத்தனையோ வருஷம், எங்கள் அட்டவணை மட்டும் மைலிலேயே கிடந்தது. மாற்றுகிறேன் என்று எழும்ப யாருக்கும் தென்பில்லை.

அந்தப் பட்டியலின் கடைசி வரி யாழ்ப்பாணம். தூரம் இருநூற்றைம்பது மைல். மூன்று வருஷமாக அங்கே ஒரு பௌசரும் போகவில்லை. போகக்கூடாது என்பதுதான் கட்டளை. ஆனாலும் கொழும்பு விலை மாறும் ஒவ்வொரு தடவையும் அவர் யாழ்ப்பாண விலையையும் கணக்குப் பார்த்துப் போடுவார். கொழும்பில் மண்ணெண்ணெய் பத்து ரூபாய் என்றால் யாழ்ப்பாணத்தில் பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதம். எங்கள் உதவி முகாமையாளர் ஸஹாப்தீன் சேரிடம் இதை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். எனக்கு ஒரு வரி தட்டுவது மிச்சம்.

"எடுத்தா ஏன் எடுத்தெண்டு கேப்பாங்க. ஈந்தா யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. ஈக்கட்டும்," என்றார். இருப்பது இருக்கட்டும். எங்கள் கந்தோரின் முழுப் புத்தியும் அதற்குள் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் கனகசபாபதியாருக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. நாகேஸ்வரி மார்கழியில் தன் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்கு வருவதாக ஏற்பாடு. அந்தப் பக்கத்தில் இயக்கத்திடம் ஒரு பாஸ் எடுக்கவேண்டும், இந்தப் பக்கத்தில் வவுனியாவில் இராணுவத்திடம் இன்னொன்று. வவுனியாவில் விட வேண்டுமென்றால் கொழும்பில் பொறுப்பாக ஒருவரின் விலாசம் காட்டவேண்டும். அந்த விலாசத்துக்காரர் மேல் பொலிஸில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. கனகசபாபதியார் அந்த ஆறு மாதத்தையும் முட்டைக் கூடை தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நிற்பவர் மாதிரிக் கழித்தார். அரசியல் பேசும் இடத்தில் நிற்கமாட்டார். காலி வீதியில் கடை கடையாக நின்று கதைக்கமாட்டார். கந்தோர் விட்டால் வீடு.

ஆனி மாதம் நாகேஸ்வரியிடமிருந்து கடிதம் வந்தது. செஞ்சிலுவைக் கப்பலில் ஏறி இறங்கி, ஆறு கிழமை பிந்தி, கந்தோர் விலாசத்துக்கு வந்தது. அதில் என்ன இருந்தது என்பதை அவர் பிறகுதான் எனக்குக் காட்டினார். சுகம் விசாரித்து, பள்ளிக்கூடக் கதை சொல்லி, கடைசியில் ரீச்சர் ஒரு கணக்கு எழுதியிருந்தார். "இங்கே மண்ணெண்ணெய் இப்போது நூற்றைம்பது. காரும் மோட்டார் சைக்கிளும் அதில்தான் ஓடுகின்றன. மைலுக்கு அரைச் சதம் என்ற உங்கள் கணக்குப்படி நான் உங்களிடமிருந்து எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறேன்? செய்முறை காட்டி விடை தருக."

அன்று பின்னேரம் அவர் மேசையில் இருந்தது டீசல் கூட்டுவதற்கான பட்டியல். பழைய பட்டியலின் மேல் பென்சிலால் புது விலைகளை எழுதி முடித்திருந்தார். கடைசி வரியில் கை நின்றுவிட்டது. நூற்றைம்பதில் பத்தைக் கழித்தார், நூற்று நாற்பது. அதை அரைச் சதத்தால் வகுத்தார். இருநூற்றைம்பதை வெட்டிவிட்டு மேலே பென்சிலால் 28,000 என்று எழுதினார். அதே வரியில் மண்ணெண்ணெய் நிரலில் கிடந்த பதினொரு ரூபாய் இருபத்தைந்தை வெட்டி 150.00 என்று எழுதினார். உலகத்தை ஒருமுறை சுற்றினாலே இருபத்தையாயிரம் மைல்தான். சுற்றி வந்து அதற்கு மேலும் மூவாயிரம் போகவேண்டும். அழிறப்பரை எடுத்தார். அழிக்க மனம் வரவில்லை. காலையில் வந்து அழிப்போம் என்று அழிறப்பரைக் கடதாசியின் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் வரவில்லை. அந்த வருஷம் மே மாதம் ஜனாதிபதி குண்டில் இறந்த பிறகு வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு இல்லாத கிழமை கிடையாது. விடியப் படுக்கையிலிருந்தபடியே அவரையும் மற்றத் தமிழ் ஆட்களையும் கொண்டுபோய்ப் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையாகக் குந்தவைத்திருந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கந்தோர்க் கடிதம் எல்லாம் காட்டி அவர் வெளியே வரப் பொழுதுபட்டுவிட்டது.

கந்தோரில் பட்டியல் அவசரமாகப் போகவேண்டியிருந்தது. அன்று நள்ளிரவிலிருந்து புது விலை. ஸஹாப்தீன் சேர் பியோன் இராமரை அனுப்பி அவர் மேசையிலிருந்த தாளை எடுப்பித்தார், மேலிருந்து பாதிவரை பார்த்தார், கையொப்பம் வைத்தார், என்னிடம் அனுப்பினார். இராமர் அழிறப்பரையும் சேர்த்தே கொண்டுவந்து வைத்தான்.

ஸ்டென்சிலில் நான் கடைசி வரிக்கு வந்தபோது மூன்றரை மணி. 28,000 என்று தட்டிவிட்டுத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், விசாரணையில் நான் சொல்லவில்லை. இது எப்படி வரும் என்று நினைத்தேன். திருத்தும் திரவப் போத்தலைத் திறந்தால் அடியில் காய்ந்து கிடந்தது. ஸஹாப்தீன் சேர் டெலிபோனில் கத்திக்கொண்டிருந்தார். பென்சில் என்றால் திருத்தம். போகாத ஊருக்கு எந்த விலை இருந்தால் எனக்கென்ன என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தட்டினேன். களைப்பில் வந்த சொல்தான், ஆனாலும் என் வாயிலிருந்து வந்த சொல்.

நானூறு பிரதி ரோனியோ போட்டு நாடு முழுவதும் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் அனுராதபுரத்து முகவர் ஒருவர் டெலிபோன் எடுத்து, யாழ்ப்பாணத்தை எப்போது அமெரிக்காவுக்குக் கொண்டுபோனீர்கள் என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். ஸஹாப்தீன் சேருக்குச் சிரிப்பு வரவில்லை. கனகசபாபதியாரைக் கூப்பிட்டார்.

"என்னத்த செஞ்சி வெச்சீக்கிறீங்க மனிசன்? நானும் பாக்காம கையெழுத்து வெச்சிட்டேனே."

"அழிக்க மறந்திட்டன் சேர்," என்றார் அவர். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

பிரதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி அடித்தோம். பிந்திவிட்டது. ஐந்தாம் நாள் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு அதிகாரி வந்து ஸஹாப்தீன் சேரின் கதிரையில் இருந்தார். எந்தப் பகுதி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். தாளில் இருந்தபடியேதான் தட்டினாயா என்று கேட்டார். ஓம், பென்சிலில் இருந்தது, பென்சில் என்றால் திருத்தம் என்றேன். உண்மைதான். என் விரல் வழுக்கிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். ஸ்டென்சிலில் எண்கள் மாறி விழுவது உலகத்தில் நடக்காததா? எனக்கு இரண்டு பிள்ளைகள். துறைமுகத்தில் என் மனுசனுக்குக் கிழமையில் மூன்று நாள்தான் வேலை. பயந்துவிட்டேன். வெளியே போகச் சொல்வார் என்று பார்த்தால், நில் என்றார். அதனால் மற்றதையெல்லாம் நான் நின்றே பார்த்தேன்.

அதிகாரி பட்டியலைக் கனகசபாபதியாருக்கு முன்னால் தள்ளினார்.

"மே கான கவுத கிவ்வே?"

இந்தத் தொகையை உனக்கு யார் சொன்னது என்று கேட்கிறார். அங்கே மண்ணெண்ணெய் நூற்றைம்பதுதான், எங்களுக்கும் அதே தகவல்தான் வந்திருக்கிறது, கொழும்பில் உட்கார்ந்திருக்கும் உனக்கு எப்படித் தெரியும் என்றார். யாரோடு தொடர்பு என்றார்.

கடிதம் அவருடைய சேட்டுப் பையில் இருந்தது. நீல ஓரம் வெளியே தெரிந்தது. மனைவி எழுதினா என்று சொன்னால் கடிதத்தைக் கேட்பார்கள். கடிதம் போனால் நாகேஸ்வரியின் பெயர் ஒரு கோப்புக்குள் போகும். வவுனியாவில் அந்தக் கோப்பு அவரை வழிமறிக்கும். அந்த முகத்தில் ஓடியது இதெல்லாம்தான் என்பது கடிதத்தைப் பிறகு வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர்," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "எனக்குக் கணக்குப் பிழைச்சுப் போச்சு."

"பிழையாகப் போட்ட கணக்கு இவ்வளவு சரியாக வருமா?"

"சில நேரம் அப்பிடி வந்து விழும்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தார். காலி, எழுபத்திரண்டு மைல். மைலுக்கு அரைச் சதம் என்றால் லீற்றருக்கு எவ்வளவு கூடும், சொல் பார்ப்போம் என்றார்.

முப்பத்தாறு சதம். பியோன் இராமருக்குக்கூடத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக அந்த மனுசன் நித்திரையிலும் சொல்லக்கூடிய கணக்கு. ஒருமுறை கணக்காய்வாளர் பிடித்த பிழையை அவர் நின்ற நிலையில் மனதிலேயே பார்த்து, பிழை கணக்காய்வாளருடையது என்று காட்டியவர்.

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். உதடு அசைந்தது. விரல் விட்டு எண்ணினார்.

"எழுபத்திரண்டு சதம்," என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். ஸஹாப்தீன் சேர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி இன்னொன்று கேட்டார், அதையும் பிழையாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது.

பிறகு ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். அதைத் தட்டியதும் நான்தான். எளிய பெருக்கல்கூடத் தனக்குச் சரியாக வருவதில்லை என்றும், வயதின் காரணமாக இப்பிழை ஏற்பட்டது என்றும், அதற்காக வருந்துவதாகவும் கனகசபாபதியார் அதில் சொல்லியிருந்தார். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். பொலிஸுக்கு ஒன்றும் போகவில்லை. மடையனைப் பற்றி யார் கோப்புத் திறப்பார்கள்?

அவரை விலைப் பகுதியிலிருந்து எடுத்துத் தபால் மேசையில் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை முத்திரை ஒட்டினார். பட்டியலிலிருந்து யாழ்ப்பாணம் போய்விட்டது. ஒரு வரி தட்டும் வேலை எனக்கு மிச்சமானது. புதிதாக வந்த கிளாக்கர் தூரத்தைக் கல்குலேட்டரில் பெருக்குவார். இடைக்கிடை பிழைவிடுவார். தபால் மேசையைக் கடந்து போகும்போது நான் கேட்பேன், "அண்ணை, அந்தக் கணக்கை வேணுமெண்டுதானே பிழையாச் சொன்னீங்க?"

"கையொப்பம் வைச்சதெல்லோ பிள்ளை. இனி அதுதான் உண்மை," என்பார்.

அது அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. பொய் சொன்னதல்ல, கணக்கு வராது என்று எழுதிக் கொடுத்ததுதான். "நாகேஸ்வரிக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?" என்று ஒருநாள் முத்திரையை நனைத்தபடி கேட்டார். "கணக்கு ரீச்சருக்குக் கணக்கு வராத புருசன்."

நாகேஸ்வரி மாசி மாதம் வந்து சேர்ந்தார். இருட்டில் வள்ளத்தில் ஏரியைக் கடந்து, வவுனியாவில் பதினொரு நாள் காத்துக் கிடந்திருக்கிறார். விலாசம் சரிபார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். விலாசத்துக்காரர் மேல் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நான் வெள்ளவத்தைக்குப் போனேன். கைப்பையில் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி. திரும்பி வந்த பிரதிகளில், எரிக்கச் சொன்ன கட்டிலிருந்து ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. அவருக்கு முன்னால் வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருப்பேன்.

நாகேஸ்வரி மெலிந்த மனுசி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார். ஜன்னலுக்கு அப்பால் ரெயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை இருந்துவிட்டு நான் பட்டியலை மேசையில் வைத்தேன்.

"நான் பாத்தனான் அண்ணை. தட்டேக்கயே பாத்தனான். எனக்கென்ன எண்டு விட்டுட்டன்."

"தெரியும்," என்றார் கனகசபாபதியார். "நீர் பாக்காமல் ஒண்டும் தட்ட மாட்டீர்."

ரீச்சர் தாளை எடுத்தார். கடைசி வரியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது, விசாரணையும் வாக்குமூலமும் முத்திரையும். தாளை மட்டும் இப்போதுதான் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலே தலைப்பைப் பார்த்தார்.

"இந்தப் பட்டியல் லீற்றருக்கோ?"

"ஓம். எப்பவும் லீற்றருக்குத்தானே," என்றார் அவர்.

"நான் எழுதினது போத்தல் விலை."

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் போத்தலில்தான் விற்கும். கொட்டாஞ்சேனைச் சந்திக் கடையிலும் போத்தலில்தான் விற்கும். நான் தினமும் வாங்குகிறேன். போத்தல் என்பது முக்கால் லீற்றர். வந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை, ஸஹாப்தீன் சேருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. லீற்றரிலேயே ஆயுளைக் கழித்த மனுசனுக்கு எப்படித் தோன்றும்?

"முக்கால் லீற்றர் நூற்றைம்பது எண்டால் லீற்றர் இருநூறு," என்றார் ரீச்சர். வகுப்பில் சொல்வது போலவே சொன்னார். "பத்தைக் கழிச்சால் நூற்றித் தொண்ணூறு. அரைச் சதத்தால வகுத்தால் முப்பத்தெட்டாயிரம். உங்கட விடை பிழை."

கனகசபாபதியார் தாளைத் தன் பக்கம் இழுத்து மனதுக்குள் போட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அப்ப நான் பொய் எழுதிக் குடுக்கேல்லை," என்றார். "மெய்யாவே பிழைச்சுத்தான் இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது ஆறுதல், வெட்கமில்லாத ஆறுதல்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் இரண்டு எண்களையும் மனதுக்குள் திரும்ப வைத்துப் பார்த்தார். தட்டியிருந்த எண்ணில் விரலை வைத்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அவருடைய மெலிந்த கையையும் நூல் கட்டிய கண்ணாடியையும் பார்த்தார்.

"அப்ப நீர் நான் நினைச்சதைவிடப் பத்தாயிரம் மைல் கூடத் தள்ளி இருந்திருக்கிறீர்," என்றார்.

"வந்திட்டன்தானே," என்றார் ரீச்சர். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவர் குடிக்கவில்லை. தனக்குத் தெரியாமலே கிடந்த அந்தப் பத்தாயிரம் மைலுக்காக, மனுசன் என் முன்னாலேயே அழுதார்.